குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளம்: வணிகர்கள் போட வேண்டிய கணக்கு

தூத்துக்குடி உப்பும் உடன்குடிக் கருப்பட்டியும் நம் மாநிலத்தில் எந்த மளிகைக் கடைக்கும் புதிய சரக்கு அல்ல. தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலையில், ஏரியூரில் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் கிடங்கிலும் அவை எப்போதும் உண்டு. அந்தச் சரக்கு வரும் கடற்கரையில்தான் இப்போது ராக்கெட் ஏவுதளம் உருவாகி வருகிறது. "அங்கே இடம் வாங்கலாமா? கடை பிடிக்கலாமா? ஒப்பந்தக்காரருக்குச் சரக்குக் கடன் கொடுக்கலாமா?" என்று நம் வணிக நண்பர்கள் பலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்வதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. கடற்கரையில் போடுவதற்கும் அதே விதிதான்.

செய்தி என்ன?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். திட்ட மதிப்பு 986 கோடி ரூபாய். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஆகிய ஊர்ப் பகுதிகளில் இரண்டாயிரத்து இருநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இதற்காக எடுக்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய நாளிலேயே ரோகிணி வகையைச் சேர்ந்த சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்று அங்கிருந்து ஏவப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஏவுமேடைக்கான கட்டுமானம் தொடங்கியது. 2026 இறுதிக்குள் முடிப்பது இலக்கு என்று அப்போது அறிவித்தார்கள்.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இதை விளங்கிக் கொள்ள எங்கள் ஊர் உதாரணமே போதும். ஏரியூரை அடுத்த நாகமரைத் துறையில் படகேறினால் மேட்டூர் அணை நீரைக் கடந்து அக்கரைப் பண்ணவாடிக்குப் போய்விடலாம். படகு இல்லாவிட்டால் மேட்டூரைச் சுற்றிச் சாலை வழியாகப் போக வேண்டும். சுற்றுவழி என்றால் டீசல் அதிகம் என்பது வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ராக்கெட்டுக்கும் அப்படித்தான். ஆந்திர மாநிலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் வழியில் இலங்கை குறுக்கிடுகிறது. அந்நாட்டின் மேல் பறக்காமல் இருக்க ராக்கெட் வளைந்து சுற்றிப் போக வேண்டும். அதற்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட் சுமக்கக்கூடிய சரக்கே சுமார் 500 கிலோதான். சுற்றுவழியில் போனால் சுமை கணிசமாகக் குறைந்துவிடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவினால் தெற்கே திறந்த கடல். நேர்வழி. மேலும் ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மையமும் திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் மையமும் இங்கிருந்து அதிக தூரம் இல்லை. ஆக, வாகன வாடகையைக் குறைப்பதற்காகக் கிடங்கை இடம் மாற்றும் வியாபாரியின் யோசனைதான் இதுவும்.

தனியாரின் பங்கு

முன்பு விண்வெளி முழுவதும் அரசாங்கத்தின் காரியமாக இருந்தது. 2020இல் மத்திய அரசு இத்துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 2023இல் இந்திய விண்வெளிக் கொள்கை வந்தது. 2024இல் அந்நிய முதலீட்டு விதிகளும் தளர்த்தப்பட்டன. ஐதராபாத்தைச் சேர்ந்த ஸ்கைரூட் நிறுவனம் 2022 நவம்பர் 18இல் தன் முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது. சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த மேடையிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டை ஏவியது. எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தைப் பெற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 511 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு 2025இல் வென்றது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழக அமைச்சரவை விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு என்பது அதன் இலக்கு.

இவையெல்லாம் பெரிய தொகைகள். நம் கல்லாப்பெட்டிக்கு இதில் எவ்வளவு வரும்? அதுவே இக்கட்டுரையின் விஷயம்.

மூன்று வகைப் பணம்

ஒரு பெரிய திட்டம் ஓர் ஊருக்கு வரும்போது மூன்று வகையான பணம் வருகிறது. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வருகின்றன, வெவ்வேறு விதமாகப் போகின்றன. மூன்றையும் ஒன்றென்று எண்ணிக் கடை போடுவதால்தான் நஷ்டம் வருகிறது.

முதலாவது, கட்டுமானப் பணம். கட்டட வேலைக்கு ஆட்கள் வருவார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், உருளைக்கிழங்கு, வெங்காயம் மூட்டை மூட்டையாகப் போகும். வடமாநிலத் தொழிலாளர் அதிகம் இருந்தால் கோதுமை மாவும் கடுகு எண்ணெயும் போகும். இந்தப் பணம் சீக்கிரம் வரும், வேலை முடிந்ததும் சீக்கிரமே போய்விடும். போகும்போது சில சமயம் பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் பகுதியில் ஒரு சாலைப் பணி நடந்தபோது, துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் மளிகைக் கடை ஒன்றில் மாதக்கணக்கில் சரக்கு எடுத்துவிட்டு, வேலை முடிந்த இரவே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனதை நாங்கள் கண்டோம்.

இரண்டாவது, சம்பளப் பணம். நிரந்தர ஊழியர் குடும்பத்தோடு வந்து தங்கினால் மாதாமாதம் வரும் பணம் இது. ஓர் ஊரை நிலையாக உயர்த்துவது இதுதான். எங்களுக்கு அருகில் உள்ள மேட்டூரைப் பாருங்கள். 1925இல் தொடங்கிய அணை வேலை 1934இல் முடிந்தது. வேலை முடிந்ததோடு கூலியும் நின்றிருந்தால் அந்த ஊர் சுருங்கிப் போயிருக்கும். 1936இல் அங்கே ரசாயனத் தொழிற்சாலை வந்தது. பின்னர் வேறு ஆலைகளும் அனல்மின் நிலையமும் வந்தன. அந்தச் சம்பளம்தான் மேட்டூர்க் கடைத்தெருவை நிறுத்தி வைத்தது.

குலசேகரன்பட்டினத்தில் இந்த இரண்டாவது பணம் எவ்வளவு வரும் என்பதில் நிதானம் வேண்டும். எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் சிறப்பே, குறைந்த ஆட்களைக் கொண்டு சில நாட்களில் இணைத்து ஏவலாம் என்பதுதான். ஆட்கள் குறைவாகத் தேவைப்படும்படி வடிவமைத்த ஒன்றிலிருந்து பெரும் ஊழியர் கூட்டத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஏவுதளத்தைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் வந்தால் நிலைமை மாறும். ஆகவே கடலோர வணிகர்கள் கவனிக்க வேண்டியது எத்தனை ராக்கெட் போகிறது என்பதை அல்ல, எத்தனை தொழிற்சாலை வருகிறது என்பதை.

மூன்றாவது, வேடிக்கைப் பணம். ராக்கெட்டைப் பார்க்க வருபவர்களின் செலவு. பலரும் கனவு காண்பது இதைத்தான். ஆகவே இதைத் தனியாகப் பார்ப்போம்.

ஸ்ரீஹரிகோட்டா சொல்லும் எண்

1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முதலாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அங்கிருந்து நூறாவது ஏவுதல் நடந்தது 2025 ஜனவரி 29ஆம் தேதி. நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் நூறு ஏவுதல். ஆண்டுக்குச் சராசரி இரண்டு. நாட்டின் ஒரே பெரிய ராக்கெட் துறைமுகத்தின் கணக்கு இது. பிந்திய ஆண்டுகளில் எண்ணிக்கை கூடியது என்பது உண்மைதான். ஆனாலும் அதை நம்பி ஒருவர் ஆண்டு முழுவதும் அடுப்பு மூட்ட முடியாது.

பொதுமக்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கென்று அங்கே அரங்கம் திறக்கப்பட்டதே 2019இல்தான். முதலில் 5,000 பேருக்கு இடம். முன்பதிவு வேண்டும், கட்டணம் இல்லை. அந்த ஆண்டு ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 ஏவப்படுவதைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். 56 நிமிடம் இருக்கும்போது தொழில்நுட்பக் கோளாறால் ஏவுதல் நிறுத்தப்பட்டது. வந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி பகலில்தான் அது புறப்பட்டது. விஞ்ஞானிகள் செய்தது சரி. கோளாறு தெரிந்தும் ஏவினால் பெரும் நஷ்டம். ஆனால் அன்றைக்கென்று பத்து மடங்கு பலகாரம் போட்டு வைத்தவருக்கு அந்தச் சரக்கை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் மாவட்டத்து ஒகேனக்கல்லில் இதை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். காவிரியில் வெள்ளம் கூடினால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் நிர்வாகம் தடை போடும். அன்று மீன் வறுக்கும் கடையில் எண்ணெய் காயாது. மசாலாவும் கடலை எண்ணெயும் கொண்டுபோய்ப் போடும் மொத்த வியாபாரிக்கும் வசூல் இராது. ஆனாலும் ஒகேனக்கல்லில் தடை நீங்கினால் மறுநாளே கூட்டம் வரும். ராக்கெட்டில் ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் எது என்று கடைக்காரருக்குத் தெரியாது.

குலசேகரன்பட்டினத்துக்கு ஏற்கெனவே ஒரு பெரிய கூட்டம் உண்டு. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டி வரும் பக்தர்கள் லட்சக்கணக்கில். பக்கத்திலேயே திருச்செந்தூர் முருகன் கோயில். மணப்பாடு கடற்கரையும் பழைய தேவாலயமும் சிறிது தூரத்தில். தசராத் தேதி பஞ்சாங்கத்தில் இருக்கிறது, சரக்கு போடலாம். ராக்கெட் தேதி பஞ்சாங்கத்தில் இல்லை.

ஒரு சிறு கணக்கு

எண்கள் உதாரணத்துக்குத்தான். அவரவர் தம் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

ஏவுதளச் சாலையில் ஒருவர் சிற்றுண்டி, குளிர்பானக் கடை வைக்கிறார். ராக்கெட் நாளில் கூடுதல் விற்பனை 20,000 ரூபாய். நூற்றுக்கு 25 லாபம் என்றால் 5,000 ரூபாய். ஆண்டுக்கு இருபது ஏவுதல் நடந்து, ஒன்றும் தள்ளிப் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கூடுதல் லாபம் ஒரு லட்சம். நல்ல தொகைதான்.

ஆனால் ராக்கெட் வருகிறது என்ற பேச்சால் கடை வாடகை மாதத்துக்கு 8,000 ரூபாய் ஏறியிருந்தால், ஆண்டுக்கு 96,000 ரூபாய். மிச்சம் 4,000. முதல் ஆண்டில் இருபதுக்குப் பதில் எட்டு ஏவுதல்தான் நடந்தது என்றால் வரவு 40,000, வாடகை ஏற்றம் 96,000. கையிலிருந்து 56,000 போகும். ராக்கெட் மேலே போயிற்று, லாபம் வீட்டுக்காரருக்குப் போயிற்று, கடைக்காரர் கடனுக்குப் போனார் என்று கதை முடியும்.

வருமானம் நாள் கணக்கில் வருகிறது, வாடகை மாதக் கணக்கில் போகிறது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நஷ்டம் தவிரும்.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்காவில் புளோரிடா மாநிலக் கடற்கரையில் கென்னடி விண்வெளி மையம் இருக்கிறது. விண்ணோடத் திட்டம் 2011 ஜூலையில் முடிந்தபோது அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எதிர்க்கரையில் உள்ள டைட்டஸ்வில் ஊரில் கடைகள் மூடப்பட்டன, வீடுகள் விலை போகவில்லை. பிறகு ஸ்பேஸ் எக்ஸ் முதலான தனியார் நிறுவனங்கள் வந்து அக்கடற்கரையை மீண்டும் எழுப்பின. 2024இல் அங்கிருந்து 90க்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. அதாவது நான்கு நாளுக்கு ஒன்று. விழுந்ததும் எழுந்ததும் ஒரே கடற்கரைதான். இடையில் சில ஆண்டுகள் தாக்குப் பிடிக்க முடிந்த கடைக்காரர்களுக்கே இரண்டாவது காலம் பயன்பட்டது.

தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா என்னும் பகுதியில், கூரூ என்ற ஊரில் ஐரோப்பியரின் ஏவுதளம் 1968 முதல் இயங்குகிறது. உலகத்தின் விலையுயர்ந்த செயற்கைக்கோள்கள் பல அங்கிருந்து போயின. ஆனால் 2017இல் அப்பகுதி மக்கள் மருத்துவ வசதி இல்லை, வேலை இல்லை, பாதுகாப்பு இல்லை என்று சாலைகளை மறித்தார்கள். மார்ச்சில் புறப்பட வேண்டிய ராக்கெட் மே மாதம்தான் புறப்பட்டது. ஏவுதளம் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் ஊர் தானாக வளர்ந்துவிடவில்லை. கேட்டு வாங்காத வரை பக்கத்தில் இருப்பதால் மட்டும் பயன் இல்லை.

குலசேகரன்பட்டினத்துக்கே இத்தகைய பழைய அனுபவம் உண்டு. பழைய காலத்தில் அது துறைமுகம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை இருந்தது. அதற்காகத் திருச்செந்தூர், திசையன்விளைப் பக்கம் சிறு ரயிலும் ஓடியது. 1940 வாக்கில் ரயில் நின்றது. ஆலையும் இல்லாமல் போயிற்று. நிலைத்தது எது? பனையும் கருப்பட்டியும் கோயிலும் மீனும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வந்து போவதைக் கொண்டு நிலைத்திருப்பதைப் பெருக்குவதே அங்குள்ள வணிகர்களுக்கு நல்ல வழி.

மீனவரை மறக்க வேண்டாம்

கடலோரக் கடையின் அன்றாட வாடிக்கையாளர் மீனவர் குடும்பம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதோடு ராக்கெட் ஏவும் நாட்களில், அது செல்லும் திசையில் உள்ள கடல் பகுதிக்குப் படகுகள் போகக் கூடாது. பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் கடலுக்குப் போகாத நாள் என்பது கடைப் பற்றுப் புத்தகத்தில் ஏறும் நாள். ஏவுதல் தள்ளிப் போனால் அந்த நாள் இரண்டாகும், மூன்றாகும். வருடத்துக்கு இரண்டு நாள் என்றால் யாருக்கும் தெரியாது. இருபது நாள் என்றால் அது ஒரு மாதப் பிழைப்பில் பெரும்பகுதி. எட்டாத சுற்றுலாப் பயணிக்காக ஏங்கி, தினமும் வருகிற வாடிக்கையாளரின் கஷ்டத்தைக் கவனிக்காமல் விட்டால் கடை நிற்காது. இழந்த நாளுக்கு மீனவருக்கு ஈடு கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் கடலோர வணிகர் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. அது தருமம் மட்டும் அல்ல, நம் வரவும்கூட.

நாம் செய்ய வேண்டியவை

1. ராக்கெட் பேச்சை நம்பி நீண்ட கால வாடகை ஒப்பந்தமோ பெரிய முன்பணமோ வேண்டாம். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, ஏவுதல் எண்ணிக்கையைப் பார்த்துப் புதுப்பிக்கலாம்.

2. கட்டுமான ஒப்பந்தக்காரருக்குச் சரக்குக் கடன் கொடுப்பதானால் வாரக் கணக்கு வைக்க வேண்டும். முதல் வாரம் தீராமல் மூன்றாவது வாரம் சரக்கு போகக் கூடாது. துணை ஒப்பந்தக்காரர் வாங்கினால் முதன்மை ஒப்பந்தக்காரரின் எழுத்துப் பொறுப்பு தேவை.

3. "சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் சிறு தொழில் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் அந்த உத்தரவு வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவைத் தொழிலுக்கும்தான், வாங்கி விற்கும் நமக்கு இல்லை. இதை அறியாமல் கடன் கொடுக்க வேண்டாம்.

4. காசோலை வாங்கினால் தேதியைக் கவனியுங்கள். பணம் இல்லை என்று வங்கி திருப்பினால், அத்தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நாள் கடந்தால் காசோலை வழக்கின் உரிமை போய்விடும்.

5. வேடிக்கை பார்க்க வருபவருக்கான சரக்கு கெடாத சரக்காக இருக்கட்டும். கருப்பட்டி, பனங்கற்கண்டு, கடலை மிட்டாய், சீல் வைத்த தண்ணீர் பாட்டில் ஆகியவை ராக்கெட் தள்ளிப் போனாலும் அடுத்த வாரம் விற்கும். உடனே விற்க வேண்டிய பலகாரத்தை அன்றாட அளவுக்கு மேல் கொஞ்சம் மட்டுமே கூட்டுங்கள்.

6. கடலோரச் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்க வேண்டியவை சில உண்டு. பார்வையாளர் அரங்கம் வேண்டும். அரங்கத்துக்குப் போகும் வழி உள்ளூர்க் கடைத்தெருவைத் தொட்டுப் போக வேண்டும். ஏவும் தேதியும் மாற்றமும் சங்கத்துக்கு உடனே தெரிய வேண்டும். உணவக, மளிகை ஒப்பந்தங்களைச் சிறு சிறு தொகையாகப் பிரித்து உள்ளூர் வணிகருக்கும் வாய்ப்புத் தர வேண்டும். புறவழிச்சாலை போட்டு, வாகனங்கள் ஊருக்குள் நிற்காமல் போய்விட்டால் புழுதி மட்டுமே நமக்கு.

7. நிலம் வாங்குபவர்கள் வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் பார்த்தால் மட்டும் போதாது. அந்த இடம் கையகப்படுத்தும் எல்லைக்குள் வருகிறதா, கட்டடம் கட்டத் தடை உண்டா என்று வருவாய்த்துறையில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். தரகர் காட்டும் வரைபடம் ஆதாரம் ஆகாது.

கடலிலிருந்து வெகு தூரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எந்த ஊரிலும் இன்று ஒரு திட்டம் வரும் என்ற பேச்சு இருக்கிறது. சிப்காட் என்பார்கள், புறவழிச்சாலை என்பார்கள், பாலம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் இதே மூன்று கேள்விகள்தான். கட்டும்போது வரும் பணம் எத்தனை மாதம்? கட்டிய பின் தங்கும் சம்பளம் எவ்வளவு? வேடிக்கை பார்க்க வருபவர் ஆண்டில் எத்தனை நாள் வருவார்? மூன்றுக்கும் தனித்தனி எண் எழுதிய பிறகே முதலை எடுக்க வேண்டும்.

தமிழகக் கடற்கரையிலிருந்து ராக்கெட் புறப்படுவது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் பெருமையை வரவுப் பக்கம் எழுத முடியாது. அளந்து முதல் போடுகிற வணிகருக்கு அந்த ஏவுதளம் நல்ல வாய்ப்பு. அளக்காமல் போடுகிறவருக்கு அது வானத்தில் தெரியும் புகை மட்டுமே.